மேகத்துக் கொல்லன் பெட்டியின் சீல் உறையைக் கிழித்தது தொடர்பாக

கடந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சுமார் நான்கு மணிக்கு, என் மைத்துனன் என்னிடம் நம்பிக் கொடுத்து வைத்திருந்த, இருபத்தாறு வருடமாகப் பிரிக்கப்படாத வீடியோ கேம் பெட்டி ஒன்றை, அவன் கண் முன்னாலேயே நான் கட்டரால் கிழித்துப் பிரித்தேன். அதன் பின்னர் நடந்த இழுபறியில் அவனுடைய வலது முழங்கை கண்ணாடியில் வெட்டுப்பட்டு ஏழு தையல் போடப்பட்டது. இரண்டும் என்னால் நடந்ததுதான்.

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தேழு. வீடியோ கேம்களையும் அவற்றுக்கான மிஷின்களையும் வாங்கி விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பஸ் நிலையத்துக்கு வெளியே மடக்கு மேஜை போட்டு ஆரம்பித்தவன். கடைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. ஒரு பெட்டியின் சீல், அதாவது மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை, அசலா, பிறகு ஒட்டியதா என்று கேட்டு வெளியூர்க்காரர்கள்கூட என்னிடம் வருவார்கள். நான் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. என் மேல் இதற்கு முன் போலீஸில் எந்தப் புகாரும் கிடையாது.

ஞாயிறு பிற்பகல்களில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆறேழு பேர் உட்கார்ந்து பேசுவது வழக்கம். யாரும் எதுவும் வாங்க மாட்டார்கள். வாய்தான் வேலை செய்யும். பிளாட்பார்மர் என்று சொல்லப்படும், குழி தாண்டி, தாவித் தாவி மேலே ஏறுகிற பழைய ஆட்டங்களைப் பற்றித்தான் பெரும்பாலும் சண்டை. அன்று தபால்காரர் ஒருவரும், வங்கியில் காசாளராக இருக்கும் அம்மா ஒருவரும், என் மைத்துனனும், இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். மைத்துனன் என் மனைவியின் தம்பி. எலெக்ட்ரீஷியன். பழைய ஆட்டங்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவன், அந்த வட்டாரத்தில் பேர் உள்ளவன்.

மேற்படி பெட்டி 'மேகத்துக் கொல்லன்' என்ற ஆட்டத்தின் முதல் பதிப்பு. சீல் பிரியாமல் இருந்தால்தான் அதற்குப் பெரிய விலை. சுத்தியலை ஊன்றித் தாவும் ஒரு கொல்லன் அதில் நாயகன். ஒரே ஒரு மிஷினில் மட்டும் ஓடும்படி வந்தது. அப்படி வருவதை இவர்கள் எக்ஸ்க்ளூசிவ் என்பார்கள். தன் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று மைத்துனன் எட்டு மாதம் முன்பு அதை என் கண்ணாடி அலமாரியில் வைக்கக் கொடுத்தான். அலமாரிச் சாவி ஒன்றுதான். அது என்னிடம் இருந்தது.

அன்றைய பேச்சு, ஒரு கம்பெனியின் ஆட்டத்துக்குள் வேறு கம்பெனியின் பாத்திரம் வந்து ஆடுவது சரியா என்பதில் ஆரம்பித்தது. அதற்கு கெஸ்ட் என்று பெயர். காசாளரம்மா, "கெஸ்ட்டுனு ஒருத்தன் உள்ள வந்தா அப்புறம் வீட்டுக்காரனை எவன் பாக்குறான்?" என்றார். அதன் பின்னர் நான், மேகத்துக் கொல்லன் முதல் பதிப்பில் ஒரு கெஸ்ட் ஒளிந்திருக்கிறது, கார் பந்தய ஆட்டம் ஒன்றில் வரும் சிவப்புக் கீரி அது, இரண்டு கம்பெனிகளுக்கும் முட்டிக்கொண்டதால் அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். மடக்கு மேஜை நாட்களில் விற்பதற்கு முன், ஆட்டம் பதிந்த கேட்ரிட்ஜ் ஒவ்வொன்றையும் மிஷினில் போட்டுப் பார்ப்பேன். அப்படி ஒரு முறை கண்ணால் பார்த்தேன். அன்று மாலையே அதை விற்றும்விட்டேன்.

யாரும் நம்பவில்லை. தபால்காரர், "எக்ஸ்க்ளூசிவா வந்த ஆட்டத்துல அடுத்த கம்பெனிக்காரனுக்கு எவன் கதவைத் தொறந்து விடுவான்? போங்க முதலாளி" என்றார். மைத்துனன், "அத்தானுக்கு அட்டைப்பெட்டிதான் தெரியும். உள்ள என்ன இருக்குனு கேட்டா வாரண்டி கார்டும்பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதே மாதிரிப் பேச்சை மூன்று வருடமாகக் கேட்டு வருகிறேன். அதன் பின்னர் அவன் அலமாரியைக் காட்டி, "அவ்வளவு நிச்சயம்னா பிரிச்சுப் பாத்துடுங்களேன், முதல் பதிப்புதானே" என்றான்.

நான் சாவியை எடுத்தேன். அவன், "அத்தான், சும்மா சொன்னேன்" என்றான். அதற்குள் பார்சல் பிரிக்கும் கட்டர் பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து உள்ளே போய்விட்டது.

கேட்ரிட்ஜை மிஷினில் போட்டு, கன்ட்ரோலரின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு தோள் பட்டன்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையில் சுத்தியல் மூன்று முறை அடிக்கும்வரை காத்திருந்தேன். கீரி வந்தது. தபால்காரர் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார். காசாளரம்மா படம் எடுக்கப் போனை எடுத்தவர், மைத்துனன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொண்டார். மைத்துனன் டிவி பக்கம் திரும்பவில்லை. தரையில் கிடந்த உறையை எடுத்து முழங்கால் மேல் வைத்து நீவினான். பிறகு அதைக் காலிப் பெட்டியின் மேல் போர்த்திப் பார்த்தான். நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இரண்டாம் கட்டம் முடித்து மூன்றாவதற்குப் போனேன்.

அதன் பின்னர் அவன் எழுந்து வந்து மிஷினின் வயரைப் பிடித்து இழுத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினேன். அவன் முழங்கை அலமாரிக் கண்ணாடியில் போய் இறங்கியது. தபால்காரர் தன் துண்டால் கட்டி அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நான் ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டுக் கண்ணாடியைப் பெருக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறேன். பிரித்துப் பாருங்கள் என்று அவனே சொன்னான் என்று சாட்சி சொல்ல மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். அந்த வார்த்தை உண்மை. ஆனால் நான் கடைக்காரன். பேரம் படியாத எரிச்சலில் ஒருவன் "சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றால் அது கொடுப்பது ஆகாது என்று எனக்குத் தெரியும். அவன் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பதும் கட்டரை எடுக்கும்போதே தெரியும்.

மற்றொரு கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறேன். அந்தப் பெட்டியை வாங்க செவ்வாய்க்கிழமை ஒருவர் வருவதாக இருந்ததும், அந்தப் பணம் என் கடைக்கு எதிர்வரிசையில் பழைய ஆட்டங்கள் விற்க அவன் எடுக்கவிருந்த கடைக்கு அட்வான்ஸ் என்பதும் எனக்குத் தெரியும். அவன் சொல்லித் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடத்துக்காரர் என்னிடம் வந்து, "செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வந்து பழைய கேம் பெட்டியை வாங்கிக்குவாரு, அந்தப் பணத்துல அட்வான்ஸ் தர்றேங்குறாரு உங்க மச்சினன். வாடகை ஒழுங்கா குடுப்பாரா?" என்று கேட்டுத்தான் தெரிந்தது. தங்கமான பையன் என்று சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசியும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடை வரக் கூடாது என்பதற்காகப் பிரித்தாயா என்று அதிகாரி கேட்கிறார். கீரிக்காகத்தான் பிரித்தேன். ஆனால் கட்டர் உள்ளே இறங்கிய நேரத்தில் எதிர்க்கடை என் நினைவில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "ஏங்க, ஒரு கீரிக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பின்னர் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். முதல் பத்தியில் 'தவறுதலாகக் கட்டரால் கிழித்துப் பிரித்தேன்' என்று இருந்ததில் 'தவறுதலாக' என்பதை நான் அடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் சிறு கையெழுத்துப் போட்டேன். மீதி நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

இதன் கீழ், புகாரை முடித்துக்கொள்ள இரு தரப்பும் அதிகாரி முன்னிலையில் ஒப்புக்கொண்டதாவது: என்னிடமுள்ள பழைய கேட்ரிட்ஜ்கள் நானூற்றுப் பன்னிரண்டையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் மைத்துனனிடம் ஒப்படைப்பேன். எதிர்க்கடையின் அட்வான்ஸை நான் கட்டுவேன். இந்தத் தெருவில் இனி பழைய ஆட்டங்களை அவன் மட்டுமே விற்பான். நான் புதுச் சரக்கோடும் பழுது பார்ப்போடும் நிறுத்திக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவன் கடையில் நடக்கும், நான் அங்கே போவதில்லை. பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவன் மறுத்துவிட்டதால் அது என்னிடமே இருக்கும். அதை விற்பதில்லை, மிஷினில் போடுவதில்லை, யாருக்கும் காட்டுவதில்லை.