கூரை திறந்த கார்

பாரிஸ் லா சப்பலில் சேலைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சத்தமாகக் கேட்டார்:

“சாமத்திய வீட்டுக்கு அல்பா ரோமியோ வடிவோ, பியட் வடிவோ?”

அவருடைய போனில் இரண்டு படங்கள். இரண்டுமே கூரை திறந்த பழைய இத்தாலிக் கார்கள், வாடகைக்கு. பக்கத்தில் நண்பர். பின்னால், ஹூடியைக் கண்வரை இழுத்துவிட்டபடி, அண்மையில் பூப்பெய்திப் பெரிய பிள்ளையாகியிருந்த மகள்.

“அல்பா சிவப்பு, அண்ணை. பிள்ளை சேலையோடை எழும்பி நிண்டு கை காட்டினால் எங்கடை சார்செல் ஊர் முழுக்கப் பாக்கும்.”

“பியட்டிலை பின்சீற் இருக்கு. தாய்மாமன் முன்னுக்கு, பிள்ளை பின்னுக்கு.”

“அப்பா, எதை மூடலாம்?” என்றாள் மகள்.

“ரெண்டையும் மூடலாம் பிள்ளை. மூடினால் ஆர் பாக்கிறது?”

“என்ரை கொலேஜ் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலைதானே போகும். என்ன விசேஷம் எண்டு பெடியள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

வரிசையில் எல்லோருக்கும் தமிழ் விளங்கும். ஒருவரும் திரும்பவில்லை. அவர் போனைப் பைக்குள் வைத்தார்.

“அப்ப எதைச் சொல்ல, அண்ணை?” என்று நண்பர் கேட்டார்.

“கெதியாய் மூடுறதைச் சொல்லு,” என்றார், இப்போது மிக மெதுவாக. “அண்டைக்கு எப்பிடியும் மழை வரும்.”