ஓடுற படமும் மாட்டுற படமும்

1. காஜா பேராங்கில் வயலின் பெட்டியுடன் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் பஸ்ஸில் ஏறி எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.
2. பரோக் எனும் பழைய ஐரோப்பிய இசையில் இன்று நடக்கும் கச்சேரியில் மகள் வாசிக்கமாட்டாள் என்று வயலின் டீச்சரிடம் சொல்லப்போவதாக அப்பா அறிவித்தார்.
3. மகள் காரணம் கேட்டாள்.

"படம் காட்டுவாங்கன்னு நீதானே சொன்ன? சினிமா ஓட்டுற வாயாங் கொட்டகையில என் மக வாசிக்க வேணாம்."

"ஐயோ அப்பா! அது ஓடுற படமில்ல, சுவத்துல மாட்டுற படம்! இந்த இசைய எழுதினவருக்கு ஓவியம்னா உயிரு. அதான் ஓவியங்கள மாட்டி வச்சு வாசிக்கிறோம்."

"வாயாங்கே கிடையாதா?"

"அவரு செத்தே இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சு! அப்ப ஏதுப்பா வாயாங்?"

அப்பா சத்தமாகச் சிரித்தார்.

"இத வீட்டிலேயே சொல்றதுக்கென்ன, கழுத! டீச்சர்கிட்ட எனக்கும் ஒரு நாற்காலி கேளு."

இருவரும் பண்டார் ஹிலிரில் இறங்கினார்கள். மாலை ஐந்து மணிக்கு அவள் வாசிக்கிறாள்.