இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் நேற்று இதே நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் உள்ளவையே. அவற்றில் பொய் இல்லை. வயது ஐம்பத்து மூன்று. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதும், இரு தரப்பும் சம்மதித்தால் அவர்களையும் குற்றம் செய்தவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் செய்வதுமான மையத்துக்குத் தொடக்கம் முதல் நான்தான் பொறுப்பு. நேற்றைய வாக்குமூலத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அதைச் சொல்ல இன்று யாரும் அழைக்காமல் நானாகவே வந்திருக்கிறேன். எழுதுகிற காவலர் இந்த இடத்தில் 'அழுதபடி' என்று சேர்த்திருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். அழுகைக்கெல்லாம் இங்கே இடம் வேண்டாம்.

நேற்று கைதான பெண் தையல் கடை வைத்திருப்பவர். மூன்று வருடங்களுக்கு முன் அவர் கடையைப் பூட்டிவிட்டு நடந்து வரும்போது, கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து அவர் பையைப் பறித்தார். பையின் வார் கையில் சுற்றிக்கொண்டதால் அந்தப் பெண் தார்ச்சாலையில் இழுபட்டார். அதன் பிறகு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. துணி வெட்டுவதற்குத் தங்கையைத்தான் நம்பியிருக்கிறார். கிடங்குக்காரர் சிறைக்குப் போய்த் திரும்பிய பின், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எங்கள் மையத்துக்கு வந்தார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே வருந்தினார். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நான் தையல் கடைக்குப் போனேன். அந்தப் பெண் கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "அக்கா, எனக்கு அவர் மேல கோபமெல்லாம் இல்ல. மூஞ்சியப் பார்க்க வேணாம், அவ்வளவுதான்" என்றார். எங்கள் வேலையில் அந்தப் பதிலோடு எழுந்து வந்துவிட வேண்டும். நான் எழுந்து வரவில்லை. மறுபடியும் போனேன், அதற்கு மேலும் போனேன். "ஒரு தடவை பார்த்துட்டா மனசு லேசாயிடும்மா" என்றேன். "மனசு என்ன மூட்டையா, எறக்கி வச்சதும் லேசாக? சரிக்கா, உங்களுக்காக வர்றேன். எனக்கு அடிபட்டப்ப நீங்கதான் ஆஸ்பத்திரிக்கு நாயா அலைஞ்சீங்க" என்றார். தனக்காக வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்றால், எங்கள் மையம் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் பார்க்கும்படி ஒரு நல்ல சந்திப்பு வேண்டியிருந்தது. அவரும் அறையில் இருப்பார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுமதி வாங்கினேன். ஏன் வருகிறார் என்று சொல்லவில்லை.

இனி நேற்று மறைத்த விஷயம். சந்திப்புக்கு வரும் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவரோடும் நான் முன்கூட்டியே ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள்வேன். போதும், நிறுத்துங்கள் என்று எதிராளி முன்னால் வாய்விட்டுச் சொல்ல நிறையப் பேருக்கு முடியாது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றுவார், ஒருவர் சாவியை மேசை மேல் வைப்பார். அடையாளம் தெரிந்ததும் நான் எழுந்து, ஒரு வார்த்தை கேட்காமல், அவரை வெளியே அழைத்துப் போவேன். அது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். இந்தப் பெண், "அந்த நேரத்துல எனக்கு வாய் வராதுக்கா. தண்ணி குடிச்சேன்னா நிறுத்திடுங்க" என்றார். குழப்பம் வரக்கூடாது என்று வேறு யாருக்கும் தண்ணீர் வைக்காமல், அவர் முன்னால் மட்டும் ஒரு டம்ளர் வைத்தேன். கண்ணாடி ஜாடி சுவரோரம் இருந்த சின்ன மேசையில் இருந்தது.

நேற்று காலை எல்லோரும் உட்கார்ந்த பின் கிடங்குக்காரர் பேசத் தொடங்கினார். அன்று அந்தப் பெண் அலறிய சத்தம் இன்னும் தூக்கத்தில் கேட்கிறது என்று சொல்லி அழுதார். அந்தச் சமயத்தில் அந்தப் பெண் டம்ளரை எடுத்து முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயோ, இவ்வளவு நன்றாகப் போகிறதே, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நினைத்தேன். அதன் பிறகு நான் எழுந்தது உண்மை. ஆனால் சந்திப்பை நிறுத்த எழவில்லை. ஜாடியை எடுத்து வந்து, தாகமாக இருப்பவருக்கு ஊற்றுவது போல அவர் டம்ளரை நிரப்பி, ஜாடியை அவர் கைப்பக்கத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் அதையும் குடித்தார். என்னைப் பார்த்தபடியே குடித்தார்.

அதன் பிறகு கிடங்குக்காரர், "அந்தக் கையத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும்" என்று என்னிடம் கேட்டார். குற்றம் செய்தவர் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பது நானே வகுத்த விதி. ஆனாலும் நான் சரி என்று தலையசைத்தேன். அவர் மேசையைச் சுற்றி வந்து, மடங்காத விரல்களைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண் இடது கையால் ஜாடியை எடுத்து அவர் முகத்தில் அடித்தார். ஜாடி உடைந்தது. அவர் இடது கண் தேறுமா என்று இன்று காலை வரை மருத்துவரால் சொல்ல முடியவில்லை.

நேற்று நீங்கள் விசாரித்தபோது, முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் திடீரென்று தாக்கினார் என்று சொன்னேன். அதிகாரியும் அதையே சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவர் மேல் பிழையில்லை. என் வார்த்தையை வைத்துத்தான் அந்தப் பெண் மீது கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். கேட்க வேண்டியவள் நான்.

நேற்று அந்த வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அந்தப் பெண் நிலையத்தின் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "உங்க பேரக் கெடுத்துட்டேனேக்கா. அவ்வளவு பாடுபட்டீங்க. என்னை மன்னிச்சிடுங்க" என்றார். மன்னிப்பை எப்படிக் கேட்பது, எப்படி ஏற்பது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற நான், "பரவாயில்லம்மா, விடு" என்று சொல்லி அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடவும் செய்தேன்.

இன்று காலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, என் மேல் உள்ள பாசத்தில், "நீயா போய் ஏன் வம்ப விலைக்கு வாங்குற? உனக்கும் அவளுக்கும் தவிர யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். "அவளுக்கே தெரியலீங்க. தப்பு தன்னோடதுன்னு நினைச்சிட்டிருக்கா" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

மேலே கண்டவை என் வாயால் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. நேற்று சொன்னதில் 'முன்னறிவிப்பு இல்லாமல்' என்பது பொய், இன்று சொன்னது உண்மை. இதை முதலில் அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)