மூன்றாவது ஓலை

– உட்காருங்க ஐசக் சார். வந்ததுலேருந்து கதவைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க. காபியும் ஆறிடுச்சு.

– காபிக்கு வரலை டீச்சர். இன்னிக்கு ஒரு நாள் நீங்க கோயிலுக்கு வர வேண்டாம்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.

– ஞாயித்துக்கிழமை காலையில சபைச் செயலாளரே வீடு தேடி வந்து கோயிலுக்கு வராதேன்னு சொல்றார். நல்லாத்தான் இருக்கு. எதுக்காம்?

– தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு எங்க பொண்ணு ஹெப்சிக்கு மூணாவது ஓலை. போன ரெண்டு ஞாயிறும் பேர் வாசிச்சாச்சு. இன்னிக்கும் ஆயர் வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை யாருக்காவது தெரியுமான்னு கேப்பார். ஒருத்தரும் வாயைத் திறக்கலைன்னா வியாழக்கிழமை தாலி.

– தெரியுமே. அதுக்கும் நான் வர்றதுக்கும் என்ன?

– நேத்து மார்க்கெட்ல எங்க வீட்டம்மா புஷ்பத்துகிட்ட என்ன சொன்னீங்க? பன்னண்டு வருஷமா மனசுல கெடந்ததை நாளைக்கு சபை முன்னால எழுந்து சொல்லப் போறேன்னீங்களாம். அவ கத்தரிக்காய் விலை சொல்ற மாதிரி சாதாரணமா வந்து சொல்றா. அதான் விடிஞ்சதும் ஓடி வந்தேன்.

– சொன்னேன், வாஸ்தவம். ஆயர்கிட்டயும் கேட்டாச்சு. ஓலை வாசிச்ச பிற்பாடு ரெண்டு நிமிஷம் பேசிக்கோங்கன்னார்.

– ஓலை வாசிச்ச பிற்பாடா?

– ஆமா. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? தண்ணி தரட்டுமா?

– டீச்சரம்மா, ரிக்‌ஷா வாசல்ல கீது. மொத மணி அட்சிட்டான். போலாமா, இன்னா?

– செத்த நேரம் நிழல்ல நில்லு பொன்னுசாமி. பேசிட்டு வந்துடறேன்.

– நிக்கிறேன். ரயில்வே கேட்டை மூடிட்டான்னா என்னிய ஒண்ணும் சொல்லாத. ரெண்டு வண்டி போனாத்தான் தொறப்பான், அப்பறம் பேஜாரு.

– அவனை அனுப்பிடுங்க டீச்சர். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.

– என் கால்ல எதுக்கு சார் விழணும்?

– தெரியாத மாதிரி கேக்காதீங்க. எழுபத்தாறுல உங்களுக்கும் உபதேசியார் தேவானந்தத்துக்கும் ஓலை வாசிச்சது ரெண்டாவதோட நின்னு போச்சே. சபை மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போச்சே. அதைத்தானே இன்னிக்குச் சொல்லப் போறீங்க?

– அதைத்தான். உங்களுக்கு அதுல என்ன வந்தது?

– மாப்பிள்ளையோட அப்பா அசரியாவும் ஒரு ஆயர் டீச்சர். ரொம்பக் கறாரான மனுஷன். சம்பந்தி இப்படின்னு காதுல விழுந்தா அங்கேயே நிச்சயத்தை முறிச்சுடுவார். ஹெப்சிக்கு முப்பது ஆகப்போகுது. முன்னால ரெண்டு இடம் தட்டிப்போய், ஆறு மாசம் வீட்டை விட்டே வெளியில வராம கெடந்தா. இதுவும் போச்சுன்னா பொண்ணு உசுரோட இருப்பாளான்னே எனக்கு பயமா இருக்கு. அவ என்ன பண்ணா? பண்ணதெல்லாம் நான்.

– நீங்க என்ன பண்ணீங்க?

– என் வாயாலயே வரணும்னு பாக்கறீங்க. சரி, வரட்டும். அந்தக் கடுதாசியை எழுதுனது நான்தான்.

– இன்னொரு வாட்டி சொல்லுங்க.

– நான்தான் டீச்சர். எழுத்து தெரியக்கூடாதுன்னு இடது கையால எழுதுனேன். தாம்பரம் தபால் முத்திரை விழக்கூடாதுன்னு எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி எழும்பூர்ல போய்ப் போட்டேன். ஏன் இப்படிப் பாக்கறீங்க? திட்டிடுங்க.

– ஏன் எழுதுனீங்க?

– எங்க தம்பிக்கு உங்களைக் கேட்டு வந்தோம், மாட்டேன்னுட்டீங்க. ரெண்டே மாசத்துல, பொண்டாட்டி செத்து, மேடவாக்கம் திருமுடிவாக்கம்னு சைக்கிள்ல சுத்தி ஜெபம் பண்ற உபதேசியாருக்குச் சம்மதம்னீங்க. சொந்தக்காரங்க எங்களைப் பாத்துச் சிரிச்சாங்க. தாங்கலை எனக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கல்யாணம் தள்ளிப் போகட்டும், நாலு பேர் முன்னால தலை குனியட்டும்னுதான் நெனச்சேன். விசாரணை வைப்பாங்க, அந்த மனுஷன் வேலையை ராஜினாமா பண்ணிட்டு ரயிலேறிப் போயிடுவார்னு சத்தியமா நெனைக்கலை.

– கஞ்சி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

– அதெல்லாம் எதுக்கு இப்போ?

– எப்படித் தெரியும்னு கேக்கறேன். அவர் டைபாய்டுல தனியா கெடந்தப்போ நாலு நாள் நான் கஞ்சி கொண்டு போனேன். வெளியில ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. விசாரணையில அந்தக் கடுதாசியை என் கையில குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. நாலு நாள்னு சரியா இருந்தது, மத்ததெல்லாம் அசிங்கம். போனியா இல்லியான்னு மட்டும் கேட்டாங்க. போனேன்னேன். அதோட என் கல்யாணம் முடிஞ்சது.

– உங்க அண்ணன் ஞானையா சொன்னார். சும்மா சொல்லலை, எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துல ஜெபக் குறிப்பா சொன்னார். உபதேசியார் படுத்துட்டார், தங்கச்சிதான் நாலு நாளா கஞ்சி கொண்டு போறா, ரெண்டு பேருக்காகவும் ஜெபிச்சுக்கோங்கன்னார். அன்னிக்கு மழை, வந்தது நாலே பேர். அந்தக் குறிப்புக்கு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணது நான்தான். அதையே எடுத்து எழுதுனேன்.

– ஜெபக் குறிப்பையா?

– ஆமா டீச்சர். அன்னிலேருந்து எனக்கு நிம்மதி கெடையாது. திருவிருந்து நாள்ல நீங்க முன்னால வராம பெஞ்சுலயே உட்கார்ந்திருப்பீங்க. நான் செயலாளர், நான் போகாம இருக்க முடியுமா? போய் அப்பம் வாங்குவேன், திரும்பி வர்றப்போ உங்க பெஞ்சுப் பக்கம் பாக்கவே மாட்டேன். உங்ககிட்ட வந்து சொல்லிடலாம்னு எத்தனையோ வாட்டி ரயில்வே கேட் வரைக்கும் வந்து திரும்பியிருக்கேன். மொதல்ல புரமோஷன் வரட்டும்னு நெனச்சேன். அப்புறம் சபைத் தேர்தல் முடியட்டும், ஹெப்சி கல்யாணம் முடியட்டும். தள்ளித் தள்ளியே பன்னண்டு வருஷம் ஓடிப்போச்சு.

– இன்னிக்கும் பயந்துதானே வந்தீங்க.

– பயந்துதான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். சபை முன்னால என் பேரை மட்டும் எடுத்துடாதீங்க.

– உங்க பேர் எனக்குத் தெரியவே தெரியாது சார்.

– என்ன சொல்றீங்க?

– இப்போ நீங்க சொல்லித்தான் தெரியும். அது ஞானையா வேலைன்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டாந்தாரமா போகக் கூடாதுன்னு வீட்ல ஒத்தக் கால்ல நின்னவன் அவன்தான். கஞ்சி விஷயமும் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். நான் எழுதலை தபீதாள், ஜெபக்கூட்டத்துல சொன்னேன், அவ்வளவுதான்னு பைபிள் மேல கை வெச்சு அழுதான். ஜெபத்துக்குச் சொன்னதைப் போய் எவனாவது மொட்டைக் கடுதாசியா எழுதுவானான்னு கேட்டுட்டு, அன்னிக்கே பெட்டியைத் தூக்கிக்கிட்டு இந்த வீட்டுக்கு வந்துட்டேன். அண்ணனை மன்னிக்காம திருவிருந்து எடுக்கக் கூடாதேன்னுதான் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்.

– அப்போ இன்னிக்கு நீங்க சொல்ல இருந்தது?

– அவனை மன்னிச்சுட்டேன்னு.

– கர்த்தரே. ஞானையா போன மாசம் தவறிட்டாரே. பல்லாவரத்துல அடக்கத்துக்கு வேதபாடம் வாசிச்சதே நான்தான். தங்கச்சி வரலையேன்னு கேட்டதுக்கு, காய்ச்சலாம்னு யாரோ சொன்னாங்க.

– காய்ச்சல் இல்ல.

– டீச்சரம்மா, ரெண்டாவது மணியும் அட்சாச்சு. வரியா, இல்லியா?

– நீ போ பொன்னுசாமி. நான் வரலை.

– டீச்சர், ஹெப்சி கல்யாணம்?

– நடக்கட்டும். அந்தப் பொண்ணு எனக்கு ஒண்ணும் பண்ணலை. போங்க, போய் உங்க எடத்துல உட்கார்ந்து ஓலையைக் கேளுங்க.

– என்னை மன்னிச்சுட்டேன்னு ஒத்த வார்த்தை சொல்லுங்க, போயிடறேன்.

– அண்ணன் படுக்கையில விழுந்தப்புறம் ரெண்டு வாட்டி ஆள் அனுப்பினான், முகத்தை ஒரு தடவை பாக்கணும்னு. கடுதாசி எழுதுனதை மொதல்ல ஒத்துக்கச் சொல்லுங்க, அப்புறம் வர்றேன்னு சொல்லி அனுப்பிச்சேன். கடைசி மூச்சு வரைக்கும் அவன் ஒத்துக்கவே இல்ல சார்.