கேல் கீரைக்குப் பக்கத்தில்

கேல் கீரைக்குப் பக்கத்தில் வெங்காயம் வைத்தால் அசுவினிப் பூச்சி அண்டாது என்பார்கள். ஓரளவுக்குத்தான் உண்மை, சார். வாடையில் பூச்சி கொஞ்சம் குழம்பும், அவ்வளவுதான். உட்காருங்கள். மெதுவாகப் பேசுவோம். அத்தை உள்ளே தூங்குகிறார்.

நேற்று அவர் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, பெற்ற மகளை, அதாவது என் மனைவியை, தானே கொன்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் கொடுத்து அனுப்பினீர்கள். நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறீர்கள். காட்ட வேண்டியதில்லை. அவர் கொல்லவில்லை.

என் மனைவிக்குத் தேனீ ஆகாது. படிக்கிற காலத்தில் ஒன்று கொட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த முறை தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனாலும் தோட்டம் வேண்டும் அவளுக்கு. தேடித் தேடி கேல் கீரையைப் பிடித்தாள். முட்டைக்கோஸ் இனம், இலைக்காக வளர்ப்பது. இரண்டாம் வருஷம்தான் பூக்கும், அதுவும் பூத்தண்டை ஒடித்துவிட்டால் பூக்காது. "எனக்குன்னே பொறந்த கீரைங்க இது" என்பாள். காலை ஆறு மணிக்குப் போய்ப் பறித்துவிட்டு ஆறரைக்குள் வந்துவிடுவாள். வெயில் ஏறாமல் தேனீ வராது. கொட்டகையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில், கொட்டினால் உடனே போட்டுக்கொள்ள அவசர ஊசி.

அடி இலையைத்தான் பறிப்பாள். குருத்தைத் தொடமாட்டாள். பறித்த இடத்தில் தண்டில் ஒரு தழும்பு நிற்கும். செடி உயர உயர, தழும்பு தழும்பாக ஏணி மாதிரி ஆகிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். போன வருஷம் அவளுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. "ரெண்டே வருஷங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும். நீங்க லீவுக்கு வாங்க" என்றாள். நல்லது என்றேன். வேலைக் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். கேல் இலையில் பச்சைப் புழு இருந்தது. புழு இருந்தது உண்மை, சார்.

கடுகு வைத்தால் புழு கடுகுக்குப் போகும், கேல் தப்பிக்கும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றுகிற முறை. கொத்தமல்லியைப் பூக்கவிட்டால் புழுவைத் தின்கிற பூச்சிகள் வரும். எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் இதுதான் இருக்கும். அவளிடம் விளக்கினேன்.

"பூக்குமே?"

"நீ ஆறு மணிக்குத்தான போற. அதுங்க எட்டு மணிக்கு மேலதான் வரும்."

"மண்ணு டாக்டரே சொல்லிட்டீங்க, அப்புறம் அப்பீல் ஏது" என்று சிரித்தாள்.

அந்த வாரம் அத்தை வந்திருந்தார். அவர் எதை ஊன்றினாலும் முளைக்கும். அடுப்படி டப்பாவிலிருந்து ஒரு பிடி கடுகும் கொத்தமல்லி விதையும் எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்களே தூவுங்க அத்தை. உங்களுக்குக் கைராசி."

"பூத்துடப் போகுது மாப்ள. அவளுக்கு ஆகாதே."

"பூக்கறதுக்குள்ள பிடுங்கிடுவேன்."

தூவிவிட்டு ஊருக்குப் போனார். நான் பிடுங்கவில்லை. பாத்தியைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்தது. அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தவள், "போறப்பவா இப்படிப் பூக்கணும்" என்றாள்.

விடுமுறை நாட்களில் நான் அந்தப் பக்கமாக உட்கார்ந்து எண்ணுவேன். எட்டு மணிக்கு நான்கைந்து தேனீ. எட்டரைக்கு நாற்பதுக்குக் குறையாது. எண்ணுவது என் தொழில் பழக்கம். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

ஊசி மருந்துக்குச் சூடு ஆகாது. கொட்டகைக்குத் தகரக் கூரை. அதனால் ஊசியை எடுத்துப் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். டப்பாவை அங்கேயே விட்டேன். அவளிடம் சொல்ல மறந்தேன். எல்லாருக்கும் மறதி உண்டு.

அவள் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. மூட்டை கட்டிக் கட்டி அசந்து போயிருந்தாள். பாவம், தூங்கட்டும் என்று அவளுடைய அலாரத்தை அணைத்தேன். எழுந்தபோது மணி எட்டேகால். "ஏங்க, எழுப்பக் கூடாதா?" என்று கடிந்துகொண்டு கூடையை எடுத்தாள். வெயில் ஏறிவிட்டது, போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஊருக்கு எடுத்துப்போகக் கீரை வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். ஆசையைக் கெடுப்பானேன்.

இதையெல்லாம் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். செடி வைத்தான். மருந்தைச் சூட்டிலிருந்து எடுத்து வைத்தான். மனைவியைத் தூங்கவிட்டான். எந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுவேன். பாத்தியிலும் இப்படித்தான். எந்தச் செடியும் தனியாக ஒன்றும் செய்யாது. எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

அவள் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள். கழுத்தில் கொட்டியிருந்தது. உதடு வீங்க ஆரம்பித்திருந்தது. அடுப்படி வாசலில் நின்று, "ஏங்க, டப்பால ஊசி இல்ல. எங்க வச்சீங்க?" என்றாள்.

அலமாரி எனக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது.

"அங்கதான் இருக்கும், நல்லாப் பாரு" என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவள். கொட்டகைக்கு இருபத்திரண்டு எட்டு நடக்க வேண்டும். தகரக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் தேடுகிற சத்தமும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஊசி அலமாரியில்தான் இருந்தது, அவளுக்கும் தெரியும், பதற்றத்தில் மறந்திருப்பாள் என்று அன்று விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டீர்கள்.

அவள் ஒரு வாரம் படுத்துக் கிடந்தால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று பல மாதம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்துக்கு நினைத்தவன் ஊசியை எடுத்துக் கொடுத்திருப்பான்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை கடுகையும் கொத்தமல்லியையும் வேரோடு பிடுங்கினார். ஒரு விதை மிச்சமிருக்கக் கூடாது என்று மண்ணை விரலால் சலித்தார். "இந்தக் கையாலதான மாப்ள தூவினேன்" என்றார். அன்றிலிருந்து இங்கேயே தங்கிவிட்டார். வலது கையால் சாப்பிடுவதில்லை, ஸ்பூன்தான். எனக்கு மட்டும் மூன்று வேளையும் சமைத்துப் போடுவார். "உங்க வாழ்க்கையையும் கெடுத்துட்டேனே" என்பார். நான் தட்டை நீட்டுவேன். வீட்டில் இன்னொரு ஆளின் புழக்கம் இருப்பது நன்றாக இருந்தது.

கேலை மட்டும் அவர் தொடவில்லை. இப்போது என் நெஞ்சுயரம் இருக்கிறது. யாரும் பறிப்பதில்லை. அடி இலை தானாகப் பழுத்து விழுகிறது. விழுந்த இடத்திலும் தழும்பு நிற்கிறது. பறித்த தழும்பும் விழுந்த தழும்பும் ஒரே மாதிரி இருக்கின்றன, சார். அவள் கை எதுவரை வந்தது என்று பார்க்கத் தினமும் காலையில் கீழிருந்து எண்ணுகிறேன். ஒருநாள் முப்பத்தெட்டில் நிற்கிறது, ஒருநாள் நாற்பத்தொன்றில். ஒரு நூலாவது கட்டி வைத்திருக்கலாம். எண்ணிக்கொண்டிருக்கும்போது கொட்டகைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். தாழ்ப்பாள் போட்டுதான் இருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் பிழைத்துவிடக் கூடாது என்றுதான் அவளை அந்தக் கொட்டகைக்குத் திருப்பி அனுப்பினேன். அத்தையின் கையில் ஒரு குற்றமும் இல்லை. இதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எழுப்பலாம், அவசரமில்லை. மூச்சுச் சத்தம் கேட்கிறதா, நல்ல தூக்கம். எழுந்ததும் சத்தம் போடுவார். தன் மகன் வீட்டுக்கே போய்விடுவதாக நேற்று பெட்டி கட்டிவிட்டார், காலை ஏழு மணி பஸ், அது போய்விட்டது. அசதியாக இருந்தார், பாவம். தூங்கட்டும் என்று அலாரத்தை அணைத்தேன்.