ஓரத்துப் பென்சில் எழுத்து

"ஹலோ... ஹலோ அக்கா, கேக்குதா?... ஆமா, ஆமா, முடிஞ்சுது. கையெழுத்து வாங்கிட்டேன்... ஐயோ கத்தாதே, கால் கட்டோட எழுந்துடப்போறே!"

நூலகத்து மாடிப்படியில், இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள் தங்கை. கையிலிருந்த நாவல் அக்காவுடையது. அதை எழுதி, இன்று மாடியில் கையெழுத்துப் போட வந்திருந்த எழுத்தாளரைப் பதினைந்து வருடமாக ஒரு வரி விடாமல் படிப்பவள் அவள். மாவுக்கட்டுக் காலோடு படியேற முடியாமல்தான் தங்கையை அனுப்பியிருந்தாள்.

"எப்படி இருந்தாங்களா?... குள்ளமா, குரல் மட்டும் கணீர்னு... ஆமா, கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு... பேசினாங்களே, அஞ்சு நிமிஷம்... ம்... அது வந்து..."

புத்தகத்தை விரித்து ஓரத்து எழுத்தைப் பார்த்தாள்.

"நீ ஓரத்துல பென்சில்ல எழுதி வெச்சிருந்தியே, அதைப் பார்த்துட்டாங்க... சேச்சே, கோவிச்சுக்கல. கதையில புருஷன் விட்டுட்டுப் போற இடத்துல, 'இவ இங்கே அழமாட்டா, பாத்திரம் தேய்ப்பா'ன்னு எழுதியிருந்தியே... அதேதான். சத்தமாப் படிச்சாங்க. 'இத்தனை வருஷமா உறுத்திக்கிட்டிருந்த இடம், இப்பதான் புரியுது'ன்னாங்க... அழறியா? அழாதேக்கா. முழுசாக் கேளு... 'எழுதினது நீங்களா?'ன்னு கேட்டாங்க... நான்... ஆமான்னுட்டேன்."

கையெழுத்துப் போட்ட பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"அக்கா?... ஏன்னு தெரியலையே. வரிசையே என்னைப் பார்த்துக்கிட்டிருந்துது. வாய் தானா... ஆமா. என் பேரைத்தான் எழுதியிருக்காங்க. 'என்னைத் திருத்திய வாசகிக்கு'ன்னு... திட்டிடேன். ஏதாவது சொல்லேன்... இரு, இரு, அவங்க இறங்கி வராங்க. வெச்சுடாதே!"

குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். அந்தக் குறிப்பெல்லாம் எங்க அக்கா எழுதினது. இதோ, லைன்ல இருக்காங்க."

எழுத்தாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"சொல்லுங்கம்மா... அட, எனக்கென்ன அவசரம்... ம்... ம்... அந்த இடமுமா?... இல்ல, அதை மட்டும் நான் ஒத்துக்கமாட்டேன்..."

பேசிக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே கார் ஹாரன் அடித்தது, கையமர்த்தினார். சண்டையும் சிரிப்புமாகக் கால்மணி நேரம் போயிற்று. தங்கை கைப்பிடியைப் பிடித்தபடி, வாத்தியார் வெளியே நிறுத்திய பிள்ளைபோல் நின்றாள்.

"பொல்லாதவங்க உங்க அக்கா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். தங்கையின் கையை இந்தமுறை தொடவில்லை.

"அக்கா... ரொம்ப நேரம் பேசினியே, சந்தோஷமா?... ம்... ம்... நான் வேணும்னு செய்யலக்கா... சரி... சரி, நேரா வீட்டுக்கே கொண்டுவரேன்... என்னது? நானே வெச்சுக்கணுமா? என் பேரு போட்டிருந்தா என்ன, இது உன் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் உன் கையெழுத்து... அக்கா?... அக்கா?"

லைன் அறுந்திருந்தது. 'வெச்சுடறேன்' என்று சொல்லாமல் அக்கா போனை வைத்தது அதுதான் முதல் தடவை.