விழுந்ததை மறைத்தவர்களை எழுந்து நடக்க வைத்த முனைவர் புஷ்பவல்லி அம்மையாருக்கு

முதுமைக்கு முட்டுக்கொடுத்த முனைவரே! குரும்பலூர் வரப்பிலும் ஆண்டிமடத்து முந்திரிக்காட்டு மண்பாதையிலும் முப்பத்தோராண்டு படிவக்கட்டோடு நடந்து, முதியோர் எப்படி நடக்கிறார்கள் என்று ஆராய்ந்த செம்மலே! தங்கள் பணிநிறைவு விழாவில், நம் மறுவாழ்வு மையத்தின் ஊழியர்களும் அங்கே பயிற்சி பெற்ற முதியோரும் வணங்கி வழங்கும் மடல் இது. எழுதும் பொறுப்பை ஊழியர்கள் என்னிடம் தந்தார்கள். அவர்கள் எழுதத் தயங்குவதையும் நான் எழுதிவிடுவேன் என்பதால் இருக்கலாம்.

ஐயம் தெளியும்வரை அயராத ஆய்வறிஞரே!

எட்டாண்டுகளுக்கு முன் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று படிவம் கேட்டது. "எங்கப்பா எங்கங்க விழுந்தாங்க? கல்லாட்டம் இருக்காங்க" என்றான் என் மகன் அசோக். நானும் தலையசைத்தேன். கிணற்றடியில் மூன்று முறை விழுந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் விழுவதில்லை. விழுந்தாலும் வெளியே சொல்வதில்லை. இருநூறு வீடுகளில் இதே பதில்தான் கிடைத்தது என்று பின்னால் அறிந்தேன்.

வேறொருவர் அந்தப் பதில்களை அச்சேற்றிப் பாராட்டு வாங்கியிருப்பார். தாங்களோ மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டினீர்கள். "யாருமே விழாத ஊர்லேருந்து இத்தன இடுப்பெலும்பு எப்படிங்க ஒடஞ்சு வருது?" என்று ஆய்வாளர் கூட்டத்தில் கேட்டீர்கள். "அவங்க மேல தப்பில்ல, நான் கேட்ட கேள்விதான் தப்பு" என்று ஈராண்டு உழைப்பை ஒதுக்கி வைத்தீர்கள். தன் பிழையைத் தானே சபையில் சொல்லும் துணிவு எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறுபடி வந்தீர்கள். இம்முறை வேறு கேள்வி. "அய்யா, வூட்டுல எந்த எடத்துக்குப் போறத நிறுத்திட்டீங்க?" இதற்குப் பொய் சொல்ல நான் பழகியிருக்கவில்லை. "வாசலுக்குங்க" என்றேன். பதினான்கு மாதமாகப் பின்கட்டிலேயே கிடந்ததை மகன் எதிரிலேயே சொன்னேன். லப்பைக்குடிகாட்டில் குல்சும் அம்மாள், "அடுப்படிக்கும்மா. துபாய்லேருந்து மவன் வீடியோவுல கூப்புடறப்ப மட்டும் நிமிந்து ஒக்காந்துக்குவேன்" என்றாராம். இந்தப் பதில்களைக் கொண்டே மையத்தில் நடைப்பயிற்சி தொடங்கினீர்கள். அதே அம்மாள், நடை பழகும் இரட்டைக் கம்பியை அங்கே கண்டதும் "நான் என்ன கழைக்கூத்தாடியா?" என்று சண்டைக்கு நின்றதும், ஆறாம் வாரம் தம் அடுப்படியில் நின்று தங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்ததும் இந்த அவை அறியும். நானும் அந்தக் கம்பியைப் பிடித்து நடந்தேன். இன்று ஆண்டிமடத்தில் தனியாகப் பஸ் ஏறி இங்கு வந்திருக்கிறேன்.

அஞ்சாநெஞ்சத்து அம்மையீர்!

தங்கள் ஓய்வோடு இந்தப் பயிற்சித் திட்டமும் முடிகிறதாம். அடுத்த மாதம் முதல் பயிற்சி அறையில் பழைய சாமான்கள் வைப்பார்களாம். தொடரக் கேட்டு மேலிடத்துக்கு மனு கொடுத்தோம். முதியோர் வீட்டிலேயே ஓய்வாக இருக்கலாம் என்று பதில் வந்தது. எங்களை எங்கே இருக்கச் சொல்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பின்கட்டில். இருக்க மாட்டோம்.

ஆகவே அவையறிய அறிவிக்கிறேன். வெல்டிங் பட்டறையில் சொல்லிப் புதிதாக இரட்டைக் கம்பி அடித்தாகிவிட்டது. எங்கள் வீட்டில், விருந்தினர் வந்து அமரும் முன்கூடத்தில், அது நிற்கும். திங்கள்கிழமை காலை ஒன்பது மணி முதல் யாரும் வரலாம். "ஏம்ப்பா, சுவாதியப் பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான படும்?" என்று அசோக் தன் மகளை எண்ணிக் கலங்கினான். "படட்டும்டா. அவங்க வூட்டுப் பெரியவரு எங்க படுத்துக் கெடக்காருன்னு நான் கேப்பேன்" என்றேன்.

நீடு வாழ்க என்று முடிப்பது மரபு. படுத்தபடி நீளும் வாழ்வைப் பார்த்துவிட்ட நாங்கள் அதோடு நிறுத்த மாட்டோம். நூறாண்டும் தங்கள் காலில் நின்று, நலமும் நிமிர்வும் குன்றாது வாழ்க! கம்பியின் உயரம் சரிதானா என்று திங்களன்று வந்து பார்த்துச் சொல்க! வராவிட்டால் நாங்களே நடந்து வந்து அழைத்துப் போவோம்.

மைய ஊழியர்கள், பயிற்சி பெற்ற முதியோர் அனைவர் சார்பிலும்,
ஆண்டிமடம் முருகையன்